முதிரைச் சூரன்

எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லாத காலத்தில்தான் அப்பு கோயிலுக்குச் சூரன் செய்தார். அதுவும் கதவுக்கென்று வைத்திருந்த மரத்திலேயே செய்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய வயது எப்போதோ கடந்துபோயிற்று.

ஐம்பதுகளின் நடுவில் உருத்திரபுரப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற அப்புவுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அடுத்தவருடைய தோட்டத்தில் வேலை செய்து, படலைக்கு வெளியே நின்று கூலி வாங்கியவர். எங்கள் சாதிக்கு அங்கே அவ்வளவுதான். இங்கே அரசாங்கம் காட்டை வெட்டிப் பிரித்தபோது எங்களைப் படலைக்கு வெளியே நிறுத்தியவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே அளவு காணி கொடுத்தது. வாய்க்கால் தண்ணீர் ஒன்று, நுளம்புக்கடி ஒன்று, காய்ச்சலும் ஒன்றுதான். “இனி எல்லாரும் ஒண்டுதான்” என்று அப்பு சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் இரண்டு போகம் வரைக்கும் அது உண்மை மாதிரித்தான் இருந்தது.

பிறகு முருகன் கோயில் கட்டினார்கள். தூண் கப்புக்குக் காட்டில் மரம் தறித்தது எங்கள் ஆட்கள். கிடுகு வேய்ந்தது எங்கள் ஆட்கள். நானும் அம்மாவும் தலையில் மண் சுமந்தோம். சுவாமி வந்து உள்ளே இருந்ததும் கோயிலைச் சுற்றி ஒரு வேலி வந்தது, வேலிக்கு ஒரு படலை வந்தது, படலைக்கு வெளியே நாங்கள் வந்தோம். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. யாரும் எங்களைப் பிடித்துத் தள்ளவில்லை. எங்கே நிற்கவேண்டும் என்று எல்லாருக்கும் யாழ்ப்பாணத்திலேயே தெரிந்திருந்தது.

அம்மா ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசட்டி விரதம் பிடிப்பார். ஆறு நாளும் பகலில் பச்சைத்தண்ணீர்தான், பொழுதுபட்ட பிறகு கொஞ்சம் பால். ஆறாம் நாள் பின்னேரம் சூரன் போர். ஏழாம் நாள் காலையில் கோயிலுக்குள் பூசை பார்த்து, கையில் தீர்த்தம் வாங்கிக் குடித்துப் பாறணை பண்ணினால்தான் விரதம் முடியும். அம்மாவுக்குத் தீர்த்தம் ஒரு வாளியில் படலைக்கு வெளியே வரும். யாராவது ஒருவர் மேலே நின்று ஊற்ற, கீழே கையை ஏந்திக் குடிப்பார். எனக்குக் கல்யாணமாக வேண்டும் என்றோ வயல் விளைய வேண்டும் என்றோ அம்மா பிடித்த விரதமல்ல அது. ஒரே ஒருமுறை உள்ளே நின்று பாறணை பண்ண வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அதை எங்களுக்கு வாய்விட்டே சொல்லியிருந்தார்.

நான் விரதம் பிடிப்பதில்லை. பசி வந்தால் எனக்குப் பக்தி வராது, கோபம்தான் வரும்.

கோயிலுக்கு ஒரு தலைவர் இருந்தார். வாய்க்காலின் தலைமாட்டில் காணி. வெள்ளை வேட்டி, நல்ல சொல், சிரித்த முகம். அவரை அப்பு ‘நயினார்’ என்று கூப்பிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் மூட்டையோடு வந்த சொல் அது. மூட்டையை அவிழ்த்தபோது அதை எறிந்துவிடச் சொல்லி நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன்.

எங்கள் கோயிலில் அதுவரை ஒழுங்கான சூரன் கிடையாது. வாழைக்குற்றியின் மேல் பானையைக் கவிழ்த்து, கரியால் மீசை கீறி, அதைச் சூரன் என்று சொல்லிக் குத்துவார்கள். ஒருமுறை அடுத்த குடியேற்றத்துக் கோயிலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூரன் வந்திறங்கினான். தலை மாற்றுகிற சூரன். யானைத் தலை, சிங்கத் தலை, சொந்தத் தலை என்று ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, கடைசியில் மாமரமாக நின்று வெட்டுப்பட்டு, சேவலும் மயிலுமாக மாறுகிறவன். எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் சூரன் பார்க்க அங்கே போய்விட்டது. தலைவருக்கு அது மானப்பிரச்சினை. போர் பார்க்க ஆளில்லாமல் முருகனும் அவரும்தான் நின்றார்களாம்.

அடுத்த வருசம் ஆவணியில் அவர் எங்கள் படலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே நின்றுதான் கதைத்தார். அப்பு எங்கள் வண்டிலைத் தானே செய்தவர், தச்சுவேலை பழகாமலே கைவேலை வரும் என்பது அவருக்குத் தெரியும்.

“எடேய், எங்கட கோயிலுக்கும் ஒரு சூரன் செய்து தாவன்” என்றார்.

அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார். அந்த மனிதருக்கு முன்னால் அம்மா கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

“செய்து தருவம் நயினார். எங்கள உள்ளுக்கு விடுவியளோ?”

தலைவர் சிரித்தார். “சூரனைச் செய்து தாங்கோ, உள்ளுக்கு வாறதைப் பற்றிப் பிறகென்ன கதை?” என்றார். அந்தச் சிரிப்பையும் அந்தச் சொல்லையும் அம்மா ஓம் என்றே எடுத்துக்கொண்டார். அப்புவும் அப்படியே. எனக்கு மட்டும்தான் அந்தச் சொல் வழுக்குகிற வரம்பு மாதிரி இருந்தது.

அரசாங்கம் கட்டித்தந்த வீட்டில் வாசல் நிலை இருந்தது, கதவு இல்லை. கிடுகில் பின்னிய தட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மாரியில் சாரல் படுக்கிற பாய்வரைக்கும் நனைக்கும். ஒருமுறை அந்தத் தட்டிக்குள்ளால் புடையன் பாம்பு வந்து அரிசிப்பானைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. காடு வெட்டியபோது விழுந்த ஒரு முதிரை மரத்தை அப்பு கேட்டு வாங்கி, பலகையாக அரிந்து, காயவைத்து, கதவுக்கென்று முகட்டில் அடுக்கி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் முதிரைக் கதவு போட்ட வீடு என்றால் பெரிய வீடு. அப்பு வேலைக்குப் போன வீடுகளில் அந்தக் கதவுகளை வெளிப்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறார்.

அந்தப் பலகைகளை அவர் முகட்டிலிருந்து இறக்கினார்.

“வேப்பம்பலகை காணாதோ? இல்லாட்டி முள்முருக்கு? சூரனைக் காவிக்கொண்டு ஓடவெல்லோ வேணும்” என்று நான் கேட்டேன்.

“சாமான் திறமெண்டால் பிறகு ஆரும் மறுத்துக் கதைக்கேலாது” என்றார் அப்பு.

“கதவு?”

அப்பு அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் சொன்னார், “எடுங்கோ. கதவு பிறகும் போடலாம்” என்று. காட்டுமரம் நிறைந்த இடத்துக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து ஏழைகளுக்கு மட்டும்தான் இந்தப் பிழை வரும். விலை உயர்ந்த மரம் என்றால் நல்ல மரம், நல்ல மரம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்ல மரம் என்ற எண்ணம். இந்த வன்னிக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த எவரும் இரும்புபோலப் பாரமான முதிரையில் சூரன் செய்திருக்க மாட்டார்கள்.

அப்புவுக்குச் சிலை செதுக்க வராது. அதனால் வண்டில்பெட்டி அடிப்பதுபோலச் சூரனின் உடம்பை ஒரு பெட்டியாக அடித்தார். நெஞ்சுக்கு நீட்டுப் பலகைகள், முதுகுக்கு நீட்டுப் பலகைகள், விலாவுக்குக் குறுக்கே சட்டம். கைகளைத் தனியாகச் செய்து மாட்டுத்தோல் துண்டால் தோளில் பொருத்தினார். தூக்கி ஆட்டும்போது அவை முன்னும் பின்னும் வீச வேண்டும். கழுத்தில் ஒரு துளை. தலைகளை மட்டும் வேம்பில் குடைந்தார். ஒவ்வொரு தலைக்கும் கீழே ஒரு முளை, துளையில் சொருகித் திருப்பினால் இறுகும். யானைத் தலைக்குத் தும்பிக்கை வேண்டுமே என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பழைய சைக்கிள் டயரை வெட்டிக் கொடுத்தேன்.

நிறம் முழுவதும் என் வேலை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு விளக்குக்கரியும் தேங்காயெண்ணெயும், சிவப்புக்கு எண்ணெயில் குழைத்த செங்கல் தூள், உடம்பின் நீலத்துக்குத் துணிக்குப் போடுகிற நீலம். கண்ணுக்குச் சிரட்டை கவிழ்த்தோம். மீசைக்குத் தேங்காய்த் தும்பு. நெஞ்சில் நான் ஒரு சிவப்பு மாலை கீறினேன். அசுரனுக்கு மாலை எதற்கு என்று அம்மா கேட்டார். சாகப்போகிறவனுக்கு ஒரு மாலையாவது இருக்கட்டும் என்றேன். எழும்பி நின்றபோது அவன் உண்மையிலேயே பயங்கரமாக இருந்தான். நாய் ஒரு கிழமைக்கு முற்றத்துக்கு வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கூடக் கசக்கிறது.

போருக்கு முதல் நாள் தலைவர் தன் ஆட்களில் வலுவான பெடியளைக் கூட்டிக்கொண்டு சூரனை எடுக்க வந்தார். காவுதடிக்குத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். சூரன் எழும்பினான், பெடியளின் முழங்கால் மடிந்தது. படலைவரை போய்ச் சேருவதற்குள் இறக்கி வைத்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் நிலம் வேறு சேறு.

“என்னடா இது, கல்லிலயோ செய்தனி?” என்று கேட்டார் தலைவர்.

“முதிரை, நயினார்.”

“சூரனுக்கு ஏன்ரா முதிரை?”

தலைவர் சூரனைப் பார்த்தார், தன் பெடியளைப் பார்த்தார், பிறகு வாய்க்கால் கடைசியில் கிடந்த எங்கள் வீடுகளைப் பார்த்தார். மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். “சரி, நாளைக்கு உங்கட ஆக்களே உள்ளுக்குக் காவிக்கொண்டு வரட்டும்” என்றார்.

அவர் போன பிறகு அப்புவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பாரம் கூடிப்போனதே நல்லதாய்ப் போயிற்று, முருகன்தான் தன்னை முதிரையை எடுக்க வைத்தவர் என்றார். ஐந்து நாள் பட்டினி கிடந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாளைக்குச் சூரனோட உள்ளுக்கு. நாளையிண்டைக்குப் பாறணைக்கும் உள்ளுக்குத்தானே?” என்று கேட்டார்.

“நாளைக்கு உள்ளுக்குப் போன காலை நாளையிண்டைக்கு என்னெண்டு மறிக்கிறது?” என்றார் அப்பு.

மறுநாள் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. கோயில் படலை அகலத் திறந்திருந்தது. எங்கள் ஆண்கள் சூரனைத் தோளில் வைத்து உள்ளே போனார்கள். அப்பு தலைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். நானும் அம்மாவும் எங்கள் பெண்களும் வேலிக்கு வெளியே நின்று கிடுகை விலக்கிப் பார்த்தோம். அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

அப்படி ஒரு சூரனை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. அந்தப் பாரத்தோடு எங்கள் ஆட்கள் ஓடினார்கள். சேற்றில் கால் புதையப் புதைய ஓடி, திரும்பி, முருகனுக்கு நேரே பாய்ந்து, பின்வாங்கி, மறுபடி பாய்ந்தார்கள். மாட்டுத்தோலில் தொங்கிய கைகள் வீசின. நான் பூசிய நீலம் மழையில் கரைந்து காவுகாரரின் முதுகில் வழிந்தது. முருகனைத் தூக்கியவர்கள் தலைவரின் ஆட்கள். சூரன் பாயும்போது அவர்களுடைய கால் தானாகப் பின்னால் போனதை நான் கண்டேன். எல்லாரும் அரோகரா சொல்ல, நான் மட்டும் சூரன் வெல்ல வேண்டும் என்று நின்றேன். முருகன் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை விழுந்தது. சொந்தத் தலையும் விழுந்து, அப்பு கழுத்துத் துளையில் மாங்கொப்பைச் சொருக, அதை வெட்டினார்கள். பிறகு ஒரு சேவலைப் பறக்கவிட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் காவுதடியை இறக்கி மூச்சு வாங்கக்கூட இல்லை, தலைவரின் குரல் கேட்டது.

“சரி, சூரன் முடிஞ்சுது. தூக்கிக்கொண்டு வெளிய போங்கோ. இஞ்ச வைக்க இடமில்லை.”

தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து தலையில்லாத அந்த உடம்பைக் கிடத்தினார்கள். காவினவர்களின் தோள் கன்றி வீங்கியிருந்தது. ஆனாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள், உள்ளே போய் வந்தோமே என்று.

ஏழாம் நாள் விடிய அம்மா தலை தோய்ந்து, வெளுத்த சேலை கட்டி, ஒரு தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்து எடுத்துக்கொண்டார். நடை தள்ளாடியது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். அப்பு முன்னால் போனார், அவருடைய நடையில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

படலை சாத்தியிருந்தது. தேங்காய்ப் பொச்சுக்கயிற்றால் கட்டியும் இருந்தது. அதற்கு மேலால் முற்றத்தைப் பார்த்தேன். முந்திய நாள் எங்கள் ஆட்கள் ஓடிய இடமெல்லாம் கால்தடம். முதிரையின் பாரத்தில் ஆழமாகப் பதிந்த தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது. விடியவே கோயிலைத் தீட்டுக் கழித்திருக்கிறார்கள். யார் எங்கே கால் வைத்தார்கள் என்று தேடவேண்டிய வேலையே இருந்திருக்காது, தடம் அவ்வளவு தெளிவு.

தலைவர் வந்தார். அதே சிரித்த முகம்.

“கொஞ்சம் பொறுங்கோ, வாளி வரும்” என்றார்.

“நயினார், உள்ளுக்கு விடுறன் எண்டு சொன்னனீங்கள்” என்றார் அப்பு.

“விட்டனான் தானேடா? நேற்று நீங்கள் உள்ளுக்கு நிக்கேல்லையோ? சூரன் இருக்குமட்டும் நிண்டனீங்கள். சூரன் செத்த பிறகு உங்களுக்கு உள்ளுக்கு என்ன அலுவல்?”

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கதைத்தார். ஆறு நாள் பட்டினியில் குரல் காற்றாகத்தான் வந்தது.

“அந்தச் சூரனையே முருகன் சேவலாயும் மயிலாயும் தன்னோட வைச்சிருக்கிறார், நயினார். உள்ளுக்குத்தான் வைச்சிருக்கிறார்.”

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். “சாமியின்ர கதை வேற, ஊரின்ர கதை வேற.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்பார்கள். இவர் பூசாரிகூட இல்லை. எங்களைப்போலக் காட்டில் காணி வாங்கி, எங்களைப்போலக் காய்ச்சலில் கிடந்து, ஒருமுறை எங்கள் வீட்டுக் கசாயத்தில் பிழைத்த மனிதர்.

வாளி வந்தது. அம்மா கையை ஏந்தவில்லை. தட்டைத் திருப்பி என்னிடம் தந்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அன்று அம்மா பாறணை பண்ணவில்லை. பொழுதுபட்ட பிறகு நான் கெஞ்சிக் கொடுத்த கஞ்சியைக் குடித்தார், அவ்வளவுதான். அது விரதம் முடித்ததாகாது. அம்மாவின் கணக்கில் அந்த வருசத்து விரதம் முடியாமலே கிடந்தது.

அப்பு இரண்டு மூன்று நாள் சூரனைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஆணி கழற்றினார். தலைகளை நான் அடுப்பில் வைத்தேன். வேம்பு நன்றாக எரிந்தது. நெஞ்சுப் பலகையையும் முதுகுப் பலகையையும் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்து, அப்பு எங்கள் வாசலுக்குக் கதவு போட்டார். இழைப்புளி பிடித்து நிறத்தை எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீலம் கரைந்துபோயிருந்தது. என் சிவப்பு மாலை மட்டும் வெளிப்பக்கமாக, தெருவைப் பார்த்தபடி நின்றது.

அடுத்த ஐப்பசியில் தலைவர் எங்கள் படலைக்கு வந்தார். “சூரனை எடுத்து வையுங்கோ, நாளைக்குப் பெடியள் வருவாங்கள்” என்றார். அப்பு கதவைக் காட்டினார். “உந்தா நிக்கிறார். கழட்டிக்கொண்டு போறதெண்டால் உள்ளுக்கு வந்து கழட்டுங்கோ” என்றார். அப்பு அவரை நயினார் என்று சொல்லாத முதல் நாள் அது. தலைவர் கதவிலிருந்த மாலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் படலையைத் தாண்டி வர அவரால் முடியாது. அவருடைய வேலி அது.

இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அவர்கள் முள்முருக்கில் ஒரு சூரன் செய்வித்தார்கள். பஞ்சுபோல இலேசு. அவர்களுடைய பெடியளே தூக்கிக்கொண்டு துள்ளினார்கள். எங்கள் தோள் அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை. படலையும் அதற்குப் பிறகு எங்களுக்குத் திறக்கவில்லை. அம்மா கண்மூடும்வரைக்கும் அந்தக் கோயிலின் உள்பக்கத்தை, மண் சுமந்த நாளுக்குப் பிறகு, ஒருநாளும் காணவில்லை.

ஆனால் விரதத்தை விடவில்லை. ஆறு நாளும் பிடித்து, ஏழாம் நாள் விடியத் தோய்ந்து, ஒரு செம்புத் தண்ணீரைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றபடி அந்தத் தண்ணீரைக் கையில் ஊற்றிக் குடிப்பார். நல்ல விடியற்காலை வெளிச்சத்தை ஏன் இப்படி மறைக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வரும். ஒருமுறை கேட்டேன்.

“ஏனணை கதவைச் சாத்துறாய்?”

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார்.

“உள்ளுக்கு நிண்டு பாறணை பண்ண வேணுமெண்டுதானே பிள்ளை நான் கேட்டனான்” என்றார். “கதவு இல்லாட்டி உள்ளுக்கு எது, வெளிய எது?”